சாய்ந்த மூடி

மூன்றாவது தடவையாக மூடி வழுக்கி மேசையில் விழுந்தது. வெள்ளிக்கொல்லர் பஸ்தியான் சுத்தியலை வைத்துவிட்டு, எதிரே ஆணியில் மாட்டியிருந்த அச்சுப்படத்தை முறைத்தார். படம் போடுகிறவனுக்கு என்ன, காகிதத்தில் எதுவும் கீழே விழாது.

வோசெல் சீமாட்டியின் பழைய சூப்புப் பாத்திரம், அரசர் போருக்கு வெள்ளி கேட்டபோது உலைக்குப் போய்விட்டது. இப்போது அதேபோல் இன்னொன்று வேண்டுமாம். பழையதைப் பார்த்து எவனோ செதுக்கி அச்சடித்த இந்தப் படம்தான் மிச்சம். ஒரு நெளிவுகூட மாறக்கூடாது என்று உத்தரவு. ஞாயிற்றுக்கிழமை விருந்துக்குள் அப்படியே வந்துவிட்டால் அந்த வீட்டு வெள்ளி வேலை முழுக்க பஸ்தியானுக்கு. இல்லாவிட்டால் பாலத்துக்கு அந்தப் பக்கம் கடை வைத்திருக்கிற இன்னொரு கொல்லன் கோதாருக்கு.

படத்தில் பாத்திரத்தின் வயிறு ஒரு பக்கம் பிதுங்கியிருந்தது. ஒரு கைப்பிடி மேலே, ஒன்று கீழே. மூடியில் சிப்பி, அலை, முட்டைக்கோஸ் இலை எல்லாம் ஒரே பக்கமாகச் சரிந்து கிடந்தன. கோணலாக இருந்தால்தான் அழகு என்று பாரிஸ் முழுக்கப் பேச்சு. எவன் ஆரம்பித்து வைத்தானோ.

எடை சரிக்கட்ட, மூடியின் மறுபக்கம் ஒரு வெள்ளி நண்டைப் பற்றவைத்தார். மூடி நின்றது, பாத்திரம் கவிழ்ந்தது. அடியில் ஈயம் ஊற்றினார். கொல்லர் சங்கத்தில் வெள்ளியின் தரம் பார்த்து முத்திரை குத்துகிறவர் தூக்கிப் பார்த்து, ஈயத்துக்கெல்லாம் முத்திரை கிடையாது என்று திருப்பி அனுப்பினார். ஈயத்தைச் சுரண்டிவிட்டு, நண்டைப் பிடுங்கிவிட்டு, பாத்திரத்தின் ஒரு காலை மட்டும் இழுத்து நீட்டினார். பாத்திரம் நின்றது. ஊற்றிய சூப்புதான் விளிம்பு வழியாக அவர் மடியில் இறங்கியது.

மனைவி பெரீன் துணியை வீசினாள். "நேரா ஒண்ணு அடிச்சுக் குடுத்துத் தொலைங்களேன்."

"உனக்கென்ன தெரியும். இதான் பாணி."

"பாணியா? குடிச்சுட்டு வர்ற உங்க தம்பி இதைவிட நேரா நிப்பான்."

இன்னும் நான்கு நாள் தட்டி, வளைத்து, திட்டி, சனிக்கிழமை மத்தியானம் கொண்டுபோய் வைத்தார். சீமாட்டி ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள். குனிந்து, நீட்டிய காலை விரலால் தட்டிப் பார்த்தாள். கோதாருக்குத்தான் யோகம் என்று பஸ்தியானுக்கு வியர்த்தது.

"பழசை முதல்முதல்ல பாத்தப்போ எப்படி இருந்துச்சோ, அப்படியே இருக்கு" என்றாள் அவள். கண் கலங்கியிருந்தது. இதே கோணலில் பன்னிரண்டு தட்டும் வேண்டும் என்றாள்.

வாசல்வரை கூட வந்த கிழட்டு வேலைக்காரன் லுபேன், கதவைச் சாத்திவிட்டு அவர் கையைப் பிடித்துக்கொண்டான்.

"அம்மாகிட்ட சொல்லிடாதீங்க ஐயா. பழசு கடையிலேர்ந்து வந்தப்போ நேராத்தான் இருந்துச்சு, அவங்க பாக்குறதுக்கு முன்னாடி நான்தான் மாடிப்படியில உருட்டிவிட்டுட்டேன்."