சூளைக்குப் பக்கத்தில் ஊட்டி

"துணியெல்லாம் எடுத்து வெச்சாச்சு. ஊட்டிக்கா, எங்கம்மா வூட்டுக்கான்னு மட்டும் சொல்லுங்க" என்றாள் பூங்கோதை.

அவள் கணவன் தங்கராசு, விருத்தாசலத்தில் பீங்கான் பொம்மைகளுக்குக் கண் வரைபவன். பத்தாவது கல்யாண நாளுக்கு ஊட்டி என்று வாக்குக் கொடுத்து, நாலு நாளாக லீவிலும் இருக்கிறான். காசுதான் புரளவில்லை. 2003, மே முதல் தேதி. கல்யாண நாள் இன்றுதான். கருவேப்பிலங்குறிச்சியில் இருக்கும் அம்மா வீட்டுக்குக் கோபித்துக்கொண்டு போனால் பூங்கோதை லேசில் திரும்ப மாட்டாள்.

"ஊட்டிக்குத்தான். நடந்தே போயிடலாம்" என்றான்.

பிறகு பொறுமையாக விளக்கினான். உடம்பு குளிரை அளப்பதில்லை. சற்றுமுன் இருந்த இடத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கிறது, அவ்வளவுதான். கம்பெனிச் சூளையோ பற்றவைத்தால் மே தினம், தீபாவளி எதுவும் பார்க்காமல் எரியும். அதன் கதவருகே உட்கார்ந்துவிட்டு வெளியே வந்தால் விருத்தாசலமே ஊட்டி.

விடுமுறை என்பதால் சூளைக் கொட்டகையில் ஆள் இல்லை. தகரக் கூரை கொதித்தது.

"கதவைத் தொட்டுடாத, தோலு உரிஞ்சிடும்."

பத்து நிமிடம் கழித்து வெளியே வந்தார்கள்.

"குளிருதா?"

"வேர்வை காயுது."

சூடு போதவில்லை என்று முடிவு செய்த தங்கராசு, பக்கத்து வீட்டுக் கொளஞ்சியம்மாளிடம் ஓடி, அவள் மகன் துபாயிலிருந்து அனுப்பிய கம்பளியைக் கேட்டான். கம்பளியோடு அவளும் வந்தாள். அவளோடு தங்கை திரௌபதியும் வந்தாள்.

"ஊட்டின்னு சொல்லிட்டு எங்கள வுட்டுட்டுப் போலாமா தம்பி?"

நாலு பேரும் மறுபடி சூளைக் கதவருகே ஒரே கம்பளிக்குள் முடங்கினார்கள்.

"அக்கா, முழங்கைய எடுங்க."

"அது முழங்கை இல்ல தம்பி, புளிசோத்து டப்பா. டூருன்னா சும்மாவா?"

அரை மணியில் திரௌபதி சாய்ந்தாள். "தல சுத்துதுங்க."

"மலை ஏறுறப்ப அப்படித்தான் இருக்கும்" என்றான் தங்கராசு.

ஒருவழியாகக் கம்பளியை உதறிவிட்டு வேப்பமரத்தடிக்கு ஓடினார்கள். நனைந்த துணியில் காற்று பட்டது. பூங்கோதை கைகளைக் கட்டிக்கொண்டாள். பல் கிட்டியது.

"ஏங்க, நெசமாவே குளிருதுங்க. எங்கம்மா வூட்டுக்கு அடுத்த மாசம் போய்க்கலாம்."

"எல்லாம் சூளையோட மகிமை" என்று தங்கராசு உரக்கச் சொன்னான்.

சூளைக் கதவு உள்ளிருந்து திறந்தது. கையில் பாயோடு, கண்ணைக் கசக்கியபடி வாட்ச்மேன் விருத்தகிரி எட்டிப் பார்த்தார்.

"கொஞ்சம் மெதுவாப் பேசுங்கண்ணே. ரிப்பேருன்னு சூளைய அணைச்சதுலேருந்து நாலு நாளா, ஊருலயே இது ஒண்ணுதான் சில்லுன்னு இருக்குதுன்னு உள்ள படுத்துக் கெடக்குறேன்."