வகுப்புக்கு ஒரு ஓட்டு

ஒரு காட்டில், ஜனநாயகம் லேசாக எட்டிப்பார்த்த ஒரு கோடையில், அரியநாச்சி என்ற கழுதைக்கு அநியாயம் நடந்தது. மலைக்கு அந்தப் பக்கமிருந்து காட்டுக்கே தண்ணீர் சுமப்பவள் அவள். ஆனால் முதலில் கொக்குகள் குடிக்கும், பிறகு சிறுத்தைகள் குடிக்கும், மிச்சமிருந்தால்தான் மற்றவர்களுக்கு. இதற்குப் பெயர் மரபாம். மிச்சம் ஏது? அவளுடைய குட்டி மொச்சைக்கு நாக்கு வறண்டு, நடை தள்ளாடியது.

சிங்கராசா நல்லவர். கொள்ளுத்தாத்தா காலத்துக்குப் பிறகு கூடாத மகாசபையைக் கூட்டினார். அதில் மூன்று வகுப்பு: தவம் செய்யும் கொக்குகள், வேட்டையாடும் சிறுத்தைகள், வேலை செய்யும் மற்ற எல்லோரும். முதல் இரண்டுக்கும் நிழலில் நாற்காலி. மூன்றாவதுக்கு டோக்கன், முள்வேலிச் சந்தில் வரிசை.

சபையாருக்கான குடத்தைச் சுமந்துகொண்டு அரியநாச்சி வந்தாள். பின்னால் மொச்சை.

"ராசா, நாங்கதான் கூட்டம் ஜாஸ்தி. எங்களுக்கு இடம் பத்தல."

"அவ்வளவுதானே? மூன்றாம் வகுப்புக்கு இரட்டிப்பு இடம்!"

ஆடுகள் துள்ளின. முயல்கள் விசிலடித்தன.

"அப்ப ஓட்டும் இரட்டிப்பா?" என்றாள் அரியநாச்சி.

"ஓட்டு வகுப்புக்கு ஒண்ணுதான், தாயி," என்றது சிறுத்தை. "ஆனா இனிமே நீங்க வசதியா உக்காந்து தோக்கலாம்."

அரியநாச்சிக்குக் காது விடைத்தது. குடத்தை இறக்கி வைத்தாள்.

"ஓட்டு வகுப்புக்கு ஒண்ணுன்னா சுமையும் வகுப்புக்கு ஒண்ணு! கொக்கண்ணே, நாளைக்கு உங்க முறை."

கொக்கு சட்டென்று கண்ணை மூடித் தவத்தில் ஆழ்ந்தது.

ராசா பிடரியைச் சொறிந்தார். "நியாயமான வாதம். அதனால் ஓட்டுக்கு விடுகிறேன். கழுதையே சுமக்கட்டும் என்பவர்கள் காலைத் தூக்குங்கள்."

கொக்குகள் எப்போதும் ஒற்றைக்காலில் நிற்பவை. எந்தத் தீர்மானம் வந்தாலும் ஆதரவுதான். சிறுத்தைகளும் முன்னங்காலைத் தூக்கின. இரண்டுக்கு ஒன்று. மாலை மரியாதை, வாழ்க கோஷம், ஒருவரையொருவர் பாராட்டிப் பேச்சு.

கோஷம் ஓய்ந்தபோது 'மடக் மடக்' என்று சத்தம் கேட்டது. மொச்சை குடத்துக்குள் தலையை விட்டுக் கடைசிச் சொட்டைக் குடித்துக்கொண்டிருந்தது.

"யாரைக் கேட்டுக் குடித்தது?" என்று ராசா கர்ஜித்தார்.

"கேக்கலாம்னுதான் பாத்தேன், ராசா," என்றாள் அரியநாச்சி. "எல்லாரும் காலைத் தூக்கிக்கிட்டு நின்னீங்க. தடுக்க ஒரு காலும் மிச்சமில்ல."

நீதி: பெரியவர்கள் சபையில் தோற்கப் பழகு, அவர்கள் வெற்றியைக் கொண்டாடி முடிப்பதற்குள் குடித்துவிடலாம்.