டாக்டர் ஓட்டிய வண்டி

உலகத்தில் நேர்மை எங்காவது மிச்சம் இருக்கிறதென்றால் அது பழைய கார் விற்கிற இடத்தில்தான் இருக்கிறது. இதைப் பொறுப்புடன் சொல்கிறேன். நான் எடை அளவு அலுவலகத்தில் வேலை பார்க்கிறவன். கடை கடையாகப் போய்த் தராசுகளைச் சோதித்து முத்திரை வைப்பது என் தொழில். ஐந்து கிராம் பொய்யைக்கூடக் கடைக்காரர் முகத்தை வைத்தே பிடித்துவிடுவேன். அப்படிப்பட்ட நானே சொல்கிறேன்.

எனக்குக் கார் தேவைப்பட்ட காரணம் எளிமையானது. போன வருடம் என் மனைவி இறந்துவிட்டாள். ஐந்து வயது மகளை வைத்துக்கொண்டு எனக்குச் சமாளிக்கத் தெரியவில்லை. மனைவியின் அண்ணன், என் மச்சான், அவளைத் தன் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனார். நெடுஞ்சாலையில் மூன்று மணி நேரத் தூரம். சனி, ஞாயிறு மட்டும் அவள் என்னோடு இருக்கலாம் என்று ஏற்பாடு. ஆனால் பஸ் ஏறினாலே பாப்பாவுக்கு வாந்தி.

"மாப்ள, பிள்ளையை இனிமே பஸ்ல அனுப்ப மாட்டேன்," என்றார் மச்சான் போனில். "பழசா இருந்தாலும் பரவால்ல, ஒரு காரை வாங்கு. பெட்ரோல் கம்மியா குடிக்கணும். ஹைவேல நடுரோட்ல நிக்கக் கூடாது. விலையும் கையைக் கடிக்கக் கூடாது."

"அப்படி ஒரு கார் இருக்கா மச்சான்?"

"இருந்தா நான் வாங்கியிருக்க மாட்டேனா? நீ தேடு."

இது குறித்து எங்கள் அலுவலகத்தில் அவசர ஆலோசனைக் கூட்டம் நடைபெற்றது. நெடுந்தூரத்துக்கு டீசல்தான் என்றார் சூப்பிரண்டு. அவரிடம் கார் கிடையாது. பெட்ரோல்தான் சத்தம் போடாது என்றார் காசாளர். அவருக்கு ஓட்டத் தெரியாது. நிறைவாக, ஒரு லட்சம் கிலோமீட்டருக்கு மேல் ஓடிய வண்டியைத் தொடுவதில்லை என்றும், இவ்விஷயத்தில் மீட்டர் ஒன்றே சாட்சி என்றும் ஏகமனதாகத் 'தீர்மானம்' நிறைவேறியது. அளக்கிற கருவியை அளவுத் துறையே நம்பவில்லையென்றால் வேறு யார் நம்புவார்கள்?

கார் வியாபாரியை எல்லோரும் 'சத்தியம்' என்றுதான் கூப்பிட்டார்கள். வாயைத் திறந்தால் முதலில் அதுதான் வரும். தகரக் கொட்டகை. முன்னால் கழுவித் துடைத்து நிறுத்திய கார்கள். பின்னால் பழைய இரும்பும் பேட்டரியும் எடைக்கு வாங்குகிற மூலை. அங்கே ஒரு தராசு. அதில் எங்கள் அலுவலக முத்திரை இல்லை. அதை நான் பார்த்தேன். நான் பார்த்ததை அவரும் பார்த்தார்.

"சாருக்கு எந்த ஆபீஸ்?"

சொன்னேன். அந்த நிமிடத்திலிருந்து அவர் என்மீது காட்டிய அன்பு எதையும் எதிர்பாராதது.

"சத்தியமா சொல்றேன் சார், இந்த நீலக் கார் டாக்டர் வண்டி. வீடு, கிளினிக், வீடு. அவ்வளவுதான்."

"அந்தச் சிவப்பு?"

"அதுவும் டாக்டர்தான்."

"வெள்ளை?"

"அது லேடி டாக்டர் சார். ஹாரன்கூட அடிச்சதில்ல."

எங்கள் ஊரில் இத்தனை டாக்டர்கள் இருப்பது எனக்குத் தெரியாது. போன வருடம் தேடியபோது ஒருவர்கூட அகப்படவில்லை. கார் விற்கப் போயிருந்தார்கள் போலும்.

"ஓட்டிப் பாக்காம எப்படி வாங்குவீங்க?" என்றார் சத்தியம். "சனிக்கிழமை காலையில எடுங்க. ஞாயித்துக்கிழமை சாயந்தரம் கொண்டாந்து விடுங்க. பெட்ரோல் மட்டும் போட்டுக்குங்க."

"ரொம்ப தூரம் போகணும். கிலோமீட்டர் ஏறிடுமே?"

"கிலோமீட்டரா!" வயிறு குலுங்கச் சிரித்தார். "அதெல்லாம் ஒரு விஷயமா சார்?"

பெருந்தன்மை என்றால் இது. கண் கலங்கியிருக்க வேண்டும். என் கண் அந்தப் பழக்கத்தை விட்டு ஒரு வருடம் ஆகிறது.

முதல் வாரம் நீலக் கார். பெட்ரோலை முகர்ந்து பார்த்துவிட்டே ஓடுகிற வண்டி. பாப்பா வாந்தி எடுக்கவில்லை. வழியில் ஒரு டீக்கடையில் நிறுத்திவிட்டுத் திரும்பி வந்தால், டேஷ்போர்டு பெட்டியைத் திறந்து அதன் மூடிக்கு உள்பக்கம் ஸ்கெட்ச் பேனாவால் படம் போட்டுக்கொண்டிருந்தாள். ஒரு கார். அதில் மூன்று பேர்.

மூன்றாவது ஆள் யார் என்று நான் கேட்கவில்லை. மூடியைச் சாத்திவிட்டேன்.

"அப்பா, இதையே வாங்கிடலாமா?"

மீட்டரைப் பார்த்தேன். ஒரு லட்சத்துப் பதினெட்டாயிரம். தீர்மானம் என்றால் தீர்மானம்தான்.

"இது ரொம்ப ஓடின வண்டிம்மா. களைச்சிருக்கும்."

"தூங்கினா சரியாயிடாதா?"

"வண்டிக்கெல்லாம் ஆகாது."

அடுத்த வாரம் சிவப்பு. இரண்டாவது டோல்கேட்டில் வாந்தி. அதற்கடுத்து வெள்ளை. அதன் ஏசி எனக்கு மட்டும்தான் அடித்தது, அவளுக்கு அடிக்கவில்லை. பிறகு ஒரு பெரிய டீசல் வண்டி. பங்க்கில் இருந்தவர்கள் என்னைச் சொந்தக்காரனைப் போல வரவேற்க ஆரம்பித்தார்கள். இரண்டு மாதம் இப்படியே போயிற்று. அப்பாவிடம் நிறையக் கார் இருப்பதாகப் பாப்பா பள்ளிக்கூடத்தில் சொல்லிவிட்டாள்.

மச்சான் வாசல் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார். "கார் வாங்கச் சொன்னா சட்டை மாதிரி மாத்திக்கிட்டு வர்ற. உன் மாப்ள என்ன தொழில் பண்றார்னு தெருவுல கேக்குறாங்கய்யா."

"பாத்துக்கிட்டு இருக்கேன் மச்சான்."

"பாத்த வரைக்கும் போதும். ஓசி வண்டியில என் தங்கச்சி பிள்ளையை அனுப்ப மாட்டேன். அடுத்த வாரம் சொந்த வண்டியில வா. முடியலைன்னா சொல்லிடு, அவ இங்கயே இருக்கட்டும். நீ வாரா வாரம் அலைய வேண்டாம்."

அவர் கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

சத்தியத்திடம் ஓடினேன்.

"சார், உங்களுக்குன்னே நேத்து வந்து நிக்குது!" என்றார். சாம்பல் நிறக் கார். புது சீட் கவர், புது மேட். மீட்டரில் நாற்பத்திரண்டாயிரம்.

"டாக்டரா?"

"ரிட்டயர் ஆன டாக்டர் சார். சத்தியமா, வண்டி ஹைவேயைக் கண்ணால பாத்ததில்ல."

ஓட்டிப் பார்த்தேன். ஏற்கெனவே அறிமுகமான ஆளோடு கைகுலுக்கியது போல இருந்தது. அந்தப் பெருமையை ரிட்டயர் ஆன டாக்டருக்குக் கொடுத்தேன். நம்பர் பிளேட்டையெல்லாம் நான் பார்ப்பதில்லை. அளவைத்தான் பார்ப்பேன். வாங்கிவிட்டேன்.

சனிக்கிழமை மச்சான் காரை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். டயரை ஓர் உதை விட்டார். "பரவால்ல, தேறிட்ட," என்று பையை உள்ளே வைத்தார். பாப்பா ஏறி உட்கார்ந்ததும் டேஷ்போர்டு பெட்டியைத் திறந்தாள்.

"அப்பா! நம்ம நீலக் கார்!"

"இது சாம்பல் கலர்ம்மா."

"உள்ள பாரேன்."

பார்த்தேன். மூடியின் உள்பக்கம் ஒரு கார். அதில் மூன்று பேர்.

"தூங்கினா சரியாகாதுன்னு நீதானே சொன்ன?" என்றாள். "இப்ப களைப்பு போயிடுச்சா?"

மீட்டரில் எழுபத்தாறாயிரம் கிலோமீட்டரைத் தூங்கிக் கழித்துவிட்டு எழுந்திருந்தது வண்டி. நானும் அவளும் போய்வந்த அந்த முதல் பயணமும் அதில் அடக்கம். இப்படி ஒரு கைதேர்ந்த ஆள் ஊரில் இருப்பது முன்பே தெரிந்திருந்தால், காரைத் தேடாமல் என்னையே கொண்டுபோய் அவர் கொட்டகையில் நிறுத்தியிருப்பேன். ஒரு வருடம் பின்னால் தள்ளினால் போதும்.

"என்ன மாப்ள, என்ன சொல்றா?"

"பழகின வண்டி மாதிரி இருக்காம் மச்சான்."

வழி முழுக்க அவள் வாந்தி எடுக்கவில்லை. காரைத் திருப்பிக் கொடுக்கிற பேச்சு அத்தோடு முடிந்தது.

திங்கட்கிழமை சூப்பிரண்டிடம் சொன்னேன். "கார் மீட்டரா?" என்று வருந்தினார். "அது நம்ம செக்‌ஷன்ல வராதேப்பா."

"தராசு?"

"தராசுன்னா நம்ம செக்‌ஷன்தான்."

எடைக்கற்களை எடுத்துக்கொண்டு போனேன். சத்தியத்தின் தராசில் இருபது கிலோ வைத்தேன். பதினேழு என்றது. அந்த இடத்தில் எதுவுமே தன்னைப் பற்றிக் குறைத்துத்தான் சொல்லிக்கொள்ளும். அவ்வளவு தன்னடக்கம். தராசுக்கு சீல் வைத்தேன்.

"சார், சத்தியமா இது நியாயமே இல்ல!" என்றார் சத்தியம். "ரெண்டு மாசமா ஓசியில வண்டி குடுத்தேனே! ஹைவேல எவ்வளவு தூரம் ஓட்டினீங்க! நன்றி வேணாமா?"

"நானா?"

சிவப்பு, வெள்ளை, பெரிய டீசல் என்று ஒவ்வொன்றின் கதவையும் திறந்து மீட்டரைக் காட்டினேன். எல்லாமே நான் முதலில் எடுத்த நாளைவிடக் குறைவாகத்தான் காட்டின.

"நீங்களே பாருங்க. நான் எங்கயுமே போகலையே."

தன் மீட்டர் பொய் சொல்கிறது என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. நேர்மையான மனிதர்.