காரணமின்றிப் பாட்டுக் கேட்டல்

பொதுமக்களுக்குத் தெரிவித்துக்கொள்வது என்னவென்றால், பாட்டுக் கேட்பதற்கு இரண்டு காதுகள் மட்டும் போதாது. இது எனக்கே ரொம்ப நாள் தெரியாமல் இருந்தது. எங்கள் தெருப் பையன் பிரசாத் மூலமாகத்தான் ஊருக்குத் தெரியவந்தது.

ஊர்ப் பெயரைக் கேட்காதீர்கள். சொன்னால் தாலுகா ஆபீஸில் கோபித்துக்கொள்வார்கள். எனக்கு உரக்கடை லைசென்ஸ் வேறு புதுப்பிக்க வேண்டியிருக்கிறது. பெரம்பலூரிலிருந்து அரியலூர் போகிற வழியில் டிரைவர் டீ குடிக்க நிறுத்துகிற ஊர் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பிரசாத் பெரம்பலூரில் காலேஜ் இரண்டாம் வருஷம். காதில் போன் வயரை மாட்டிக்கொண்டு பஸ்ஸில் போவான், வருவான். ஒழுங்காகத்தான் இருந்தான். கூடப் படிக்கிற ராஜராஜன் சகவாசம் வந்தது, கெட்டான். இந்த ராஜராஜன், பாட்டை எப்படிக் கேட்க வேண்டும் என்று வீடியோ வீடியோவாகப் பார்த்துப் பார்த்து, பாட்டுக் கேட்கவே நேரமில்லாமல் போனவன்.

"போன்ல நீ கேக்குறது பாட்டு இல்லடா. பாட்டு இருக்குங்கிற தகவல்," என்றிருக்கிறான். "ஸ்டீரியோ செட் வெச்சுக் கேட்டுப் பாரு. எடது பக்கம் புல்லாங்குழல், வலது பக்கம் தபலா. நீ கரெக்டா நடுவுல உக்காந்தீன்னா, பாடறவங்க உன் மூஞ்சிக்கு நேரா வந்து நிப்பாங்க. எச்சி முழுங்குறது கூடக் கேக்கும்."

அடுத்தவர் எச்சில் விழுங்குவதைக் கேட்க ஒருத்தன் காசு செலவழிப்பானா என்று கேட்காதீர்கள். இப்போது அதுதான் பேஷன். ராஜராஜன் காட்டிய செட்டின் விலைக்கு எங்கள் பக்கம் கறவை மாடே வாங்கலாம், கன்றுக்குட்டியோடு. பிரசாத்திடம் இருந்ததோ பஸ் பாஸும், மத்தியானப் புரோட்டாவுக்கு அம்மா கொடுக்கும் காசும்தான். புரோட்டாவை நிறுத்தினான். ஒரு செமஸ்டர் முழுக்க அவன் கன்னம் உள்ளே போய்க்கொண்டே இருந்தது. வீட்டுக்குள் சாமான் வந்துகொண்டே இருந்தது.

மைக்செட் கடையை மூடிவிட்ட சிங்காரவேலுவிடம் ஒரு பழைய ஆம்ப்ளிபயர் கிடைத்தது. பெரம்பலூர் ஒர்க்‌ஷாப்பில் உடைத்துக்கொண்டிருந்த மினிபஸ்ஸிலிருந்து இரண்டு ஸ்பீக்கர் பாக்ஸ் வந்தது. பாக்ஸ் அதிரக்கூடாது, கனமான எதன்மேலாவது வைக்க வேண்டும் என்றான் ராஜராஜன். எங்கள் பக்கம் சிமெண்டுக்குப் பஞ்சமா? உரத்தோடு சிமெண்டும் விற்கிற என் கடைக்குப் பின்னால் மழையில் நனைந்து கல்லாகிப்போன மூட்டைகள் கிடந்தன. "எடுத்துட்டுப் போடா, எடமாச்சும் காலியாகும்," என்றேன். எதிரொலி வராமலிருக்கச் சுவரெல்லாம் முட்டை அட்டை ஒட்டினான். அவன் அம்மா சம்பூர்ணம் சுற்றிப் பார்த்துவிட்டு, "முட்டையெல்லாம் எங்கடா?" என்று கேட்டாள்.

அடுத்தது அந்த நடு இடம். டேப்பை இழுத்து இழுத்து அளந்து பார்த்தால், அது சரியாக மாவு கிரைண்டர் இருக்கிற இடத்தில் வந்து விழுந்தது. சம்பூர்ணம் தெருவுக்கே மாவு ஆட்டி விற்கிறவள்.

"அம்மா, பாடறவங்க வந்து நிக்கணும்மா."

"வந்தா ஓரமா நின்னு பாடட்டும். கிரைண்டரு நவராது."

கடைசியில் கிரைண்டர்மேல் பலகை போட்டு அதன்மேல் உட்கார்ந்து கேட்பது என்று இருதரப்பும் ஒப்புக்கொண்டன.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பிரசாத் குளித்துவிட்டுப் பலகைமேல் ஏறி உட்கார்ந்தான். பாட்டைப் போட்டான். இடது பக்கம் புல்லாங்குழல் எடுத்தது. வலது பக்கம் தபலா வரவேண்டிய நேரத்தில் வாசல் பக்கம் எதிர்வீட்டுப் பச்சையம்மாள் வந்தாள்.

"என்ன சம்பூர்ணம், என்ன விசேஷம்?"

"ஒண்ணும் இல்லக்கா. புள்ள பாட்டுக் கேக்குது."

"பாக்ஸ் வெச்சுப் பாட்டுப் போட்டுட்டு ஒண்ணும் இல்லைங்கிறியே. சொல்ல இஷ்டம் இல்லைன்னா வுடு!"

பச்சையம்மாள்மேல் தப்பில்லை. எங்கள் ஊரில் ஒரு வீட்டில் பாக்ஸ் சத்தம் கேட்டால் அங்கே விசேஷம். என்ன விசேஷம் என்பது பாட்டைக் கேட்டால் தெரிந்துவிடும். தெரிந்ததும் சட்டையை மாற்றிக்கொண்டு போக வேண்டியதுதான். இப்படித்தான் காலங்காலமாக நடக்கிறது. அன்றைக்கும் பல்லவி முடிவதற்குள் பாதித் தெரு தலை சீவிக்கொண்டு வந்து நின்றது. நானும் நின்றேன்.

சேதி எறையூருக்குப் போய்விட்டது. அங்கே கரும்பு போட்டிருக்கும் பெரியசாமி, சம்பூர்ணத்தின் கூடப்பிறந்த அண்ணன். வண்டியை நிறுத்தாமலே கத்திக்கொண்டு வந்தார்.

"தாய்மாமன் நான் ஒருத்தன் உசுரோடதானே இருக்கேன்? எனக்குச் சொல்லாம என்னா விசேஷம்?"

"விசேஷமே இல்லைங்க மாமா!"

"அப்ப பாட்டு எதுக்குடா?"

இந்தக் கேள்விக்குப் பிரசாத்திடம் பதில் இருந்திருந்தால் கதை இங்கேயே முடிந்திருக்கும். பெரியசாமி நேராகத் தாலுகா ஆபீஸுக்குப் போய், தாய்மாமனை அழைக்காமல் ஒரு விசேஷம் நடப்பதை அரசு வேடிக்கை பார்க்கலாமா என்று வாய்மொழியாகப் புகார் கொடுத்துவிட்டார்.

ஒலி ஒழுங்கு உதவி அலுவலர் என்று ஒரு பதவி இருப்பது அன்றைக்குத்தான் எங்களுக்குத் தெரியும். திருமுருகன் என்று பெயர். சாந்தமான மனிதர். எழுத்தர் மலர்கொடியோடு ஜீப்பில் வந்து இறங்கினார்.

"எத்தன பாக்ஸு தம்பி?"

"ரெண்டு சார்."

"ஒண்ணுன்னா ரேடியோ. ரெண்டுன்னா நிகழ்ச்சி."

"ஸ்டீரியோன்னாலே ரெண்டுதான் சார்."

"அப்ப ஸ்டீரியோன்னாலே நிகழ்ச்சின்னு நீங்களே ஒத்துக்கிறீங்க. எழுதிக்கம்மா. என்ன நிகழ்ச்சி?"

"நிகழ்ச்சியே இல்ல சார்!"

"நிகழ்ச்சி இல்லாமலே நிகழ்ச்சி நடத்தியிருக்கீங்க. அது தனிக் குற்றம். அதையும் எழுதிக்கம்மா."

பொது அமைதியின் நலன் கருதி ஆம்ப்ளிபயர் அரசுக் காவலில் எடுத்துக்கொள்ளப்பட்டது. பாக்ஸையும் எடுத்திருப்பார்கள், சிமெண்ட் மூட்டையோடு ஒட்டிக்கொண்டு வரமாட்டேன் என்றது. பாவம் அந்தப் பையன், ஒரு செமஸ்டர் புரோட்டா ஜீப்பில் ஏறிப் போவதை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தான்.

மறுநாள் காலேஜுக்கு மட்டம் போட்டுவிட்டு ஆபீஸுக்குப் போனான். துணைக்கு என்னையும் இழுத்துக்கொண்டு போனான். திருமுருகன் அன்பாக உட்காரச் சொன்னார்.

"சட்டம் பாட்டுக்கு எதிரி இல்ல தம்பி. காரணம் இல்லாமக் கேக்குறதுக்குத்தான் எதிரி. அனுமதிக்கு மனுப் போடுங்க, எடுத்துட்டுப் போங்க."

மனுவில் கல்யாணம், காதணி விழா, மஞ்சள் நீராட்டு, புதுமனை புகுவிழா, இறப்பு, திருவிழா, பொதுக்கூட்டம் எல்லாம் அச்சடித்திருந்தது. சும்மா வீட்டில் உட்கார்ந்து கேட்பதற்கு இடமில்லை.

"இறப்புன்னு போட்டா இன்னைக்கே ஆர்டர் வாங்கித் தந்துருவேன்," என்றாள் மலர்கொடி. நல்ல பெண், உதவி செய்யும் மனசு. "ஆனா ஸ்பாட்டுக்கு வந்து ஆளப் பாப்பாங்க."

"வேணாங்க மேடம்," என்று பதறினான் பிரசாத்.

மலர்கொடி பேனாவைக் கடித்துக்கொண்டு அவன் காதையே பார்த்தாள். "ஏன் தம்பி, உனக்குக் காது குத்தலையா?"

குத்தவில்லை. சின்ன வயசில் எங்கள் குலதெய்வமா உங்கள் குலதெய்வமா என்று அப்பா வகையறாவுக்கும் மாமன் வகையறாவுக்கும் சண்டை வந்து, குத்தாமலே நின்றுபோனது. காதணி விழா என்று எழுதினாள். விழா நாயகன் பெயர் பிரசாத். வயது இருபது.

"இதுக்குத் தாய்மாமன் தடையின்மைச் சான்று வேணும்," என்றார் திருமுருகன். "மடி அவருதுதானே? மடியின் உரிமையாளர் சம்மதிக்கணும் இல்லையா?"

புகார் கொடுத்த பெரியசாமியிடமே சான்று கேட்டு ஆபீஸிலிருந்து கடுதாசி போனது. அதைப் படித்துவிட்டு அந்த மனுஷன் அழுதேவிட்டார். "உங்கப்பன் கேக்கல, உங்கம்மா கேக்கல. அரசாங்கம் கேட்டுருக்குடா! மாமன் மரியாத அரசாங்கத்துக்குத் தெரிஞ்சிருக்குடா!"

"மாமா, இது சும்மா மனுவுக்குத்தான். நீங்க கையெழுத்துப் போட்டாப் போதும்."

"அரசாங்க உத்தரவுல சும்மா என்னடா சும்மா? நான் பாத்துக்குறேன், நீ போ."

பார்த்துக்கொண்டார். தெருவை அடைத்துப் பந்தல் போட்டார். கிடா வெட்டினார். சீர்த்தட்டோடு எறையூரே டெம்போவில் வந்து இறங்கியது. யாரோ ஒருவர் உடம்பில் பிரசாத் தலையை ஒட்டி, கோட்டுச் சூட்டு கறுப்புக் கண்ணாடியோடு பிளக்ஸ் வைத்தார்கள். ஜெயங்கொண்டத்திலிருந்து மைக்செட் வந்தது. பாக்ஸை மாடிவீட்டு உயரத்துக்கு அடுக்கினார்கள். அது போட்ட போட்டில் என் கடைப் பூட்டு தானாகத் திறந்துகொண்டது. இருபது வயசுப் பையனை மடியில் உட்கார வைத்துக்கொண்டு பெரியசாமி முழங்கால் நடுங்க, முகம் மலர இருந்தார். ஆசாரி ஊசியை இறக்கியபோது பிரசாத் போட்ட சத்தம் பந்தலில் ஒருவருக்கும் கேட்கவில்லை.

அனுமதிக்கப்பட்ட சாதனம் உள்ளபடி இயங்குகிறதா என்று ஆய்வு செய்ய, சாப்பாட்டு நேரம் பார்த்துத் திருமுருகன் வந்தார். மாலை போட்டு வைத்திருந்த பிரசாத் செட் அருகில் போனார். அது ஏதோ பாடிக்கொண்டிருந்திருக்க வேண்டும். பாக்ஸ்மேல் கையை வைத்துப் பார்த்தார்.

"அதிருது. இயங்குதுன்னு எழுதிக்கம்மா," என்று காதோரம் கத்தினார்.

அனுமதி அன்றைக்கு ஒரு நாளைக்குத்தான். அடுத்த முறை கேட்க வேண்டுமென்றால் அடுத்த விசேஷம். "அடுத்தது கல்யாணந்தான்டா," என்று சம்பூர்ணம் பெண் பார்க்கக் கிளம்பிவிட்டாள். பையன் ஆடிப்போனான். வீங்கின காதோடு பஸ் ஏறிப் பெரிய ஆபீஸுக்கே போய் மனுக் கொடுத்தான். பட்டியலில் 'காரணமின்றிப் பாட்டுக் கேட்டல்' என்று ஒன்றைச் சேர்த்தருளுமாறு கேட்டிருந்தான்.

நம் அரசாங்கத்தைக் குறை சொல்லக்கூடாது. உடனே குழு போட்டார்கள். குழு ஊட்டிக்குப் போய், காரணமில்லாமல் பாட்டுக் கேட்டுப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்து, சேர்க்கலாம் என்று பரிந்துரைத்தது. சேர்த்துவிட்டார்கள். அன்றைக்குப் பிரசாத் முகத்தைப் பார்க்க வேண்டுமே! எனக்குக் கடலை மிட்டாய் வாங்கிக் கொடுத்தான்.

ஆனால் பட்டியலில் ஏறினால் அது நிகழ்ச்சி. நிகழ்ச்சியென்றால் விசேஷம். விசேஷமென்றால் சொந்தபந்தத்தைக் கூப்பிடாமல் நடத்த முடியுமா? முதலில் பச்சையம்மாள் வீட்டில் இரண்டு பாக்ஸ் வாங்கிப் பத்திரிகை அடித்தார்கள். 'எங்கள் இல்லக் காரணமின்றிப் பாட்டுக் கேட்கும் விழாவுக்குச் சுற்றமும் நட்பும் சூழ வருக.' பந்தல், பாயசம், தாய்மாமன் சீர். பிறகு தெருவே கிளம்பிவிட்டது. முட்டை அட்டைக்குத் தங்கப் பெயிண்ட் அடித்து ஒட்டினார்கள். கிரைண்டர் இல்லாதவர்கள் நடுவில் வைப்பதற்காகவே கிரைண்டர் வாங்கினார்கள். கல்லாகிப்போன சிமெண்ட் மூட்டைக்கு அப்படி ஒரு கிராக்கி. இருப்புத் தீர்ந்ததும் நல்ல மூட்டையையே நனைத்து விற்றேன், பொய் சொல்லவில்லை.

"எல்லார் வூட்லயும் நடத்திட்டாங்க. நாம மட்டும் போயிப் போயித் தின்னுட்டு வரோம், வெக்கமா இல்லையா?" என்றாள் என் வீட்டுக்காரி சிந்தாமணி. போன வெள்ளிக்கிழமை நாங்களும் நடத்தினோம். தெருவே வந்தது. பெரியசாமி வந்தார். திருமுருகன் ஆய்வுக்காக முதல் பந்தியிலேயே உட்கார்ந்தார். செட் பாடிக்கொண்டிருந்தது, யார் கேட்டார்கள், சாம்பார் கேட்கவே தொண்டை கிழியக் கத்த வேண்டியிருந்தது. பிரசாத்தை மட்டும் காணோம். படிக்கப் போயிருப்பான் என்று விட்டுவிட்டேன்.

பாதிப் பந்தியில் எங்கள் செட்டில் பாட்டு முடிந்து, அடுத்தது வருவதற்குக் கொஞ்சம் இடைவெளி விழுந்தது. அப்போதுதான் பக்கத்து வீட்டிலிருந்து புல்லாங்குழல் கேட்டது. அடுத்தாற்போல் தபலா. பிறகு நடுவில் ஒரு பெண்குரல், சன்னமாக, எதிரே வந்து நின்று பாடுகிற மாதிரி. பந்தியில் ஒருவர் பாக்கியில்லாமல் கை இலையிலேயே நின்றுவிட்டது. என்ன பாட்டு ஐயா அது! உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. எங்கள் தெரு ஒரு பாட்டை உண்மையாகவே கேட்டது என்றால் அது அப்போதுதான்.

பச்சையம்மாள்தான் முதலில் தெளிந்தாள்.

"பிரசாத் வூட்ல என்ன விசேஷம்?"

ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். யாருக்கும் சொல்லவில்லை.

"மறுபடியும் எனக்குச் சொல்லல பாத்தியா!" என்று பெரியசாமி துள்ளி எழுந்தார். திருமுருகன் கை கழுவாமலே எழுந்தார். மலர்கொடி பேனாவைத் தேடினாள். தெருவே எழுந்து கிளம்பியது. நான் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு முன்னால் போனேன்.

பிரசாத் கிரைண்டர்மேல் உட்கார்ந்திருந்தான். கண் மூடியிருந்தது. கன்னத்தில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. எச்சில் விழுங்கும் சத்தம் கேட்டது. பாடகியா அவனா தெரியவில்லை.

"என்னடா விசேஷம்?" என்றேன் நான்.

கண்ணைத் திறந்து, வாசல்வரைக்கும் நின்ற எங்கள் எல்லாரையும் பார்த்தான். கையை நீட்டிப் பாட்டை நிறுத்தினான்.

"ஒண்ணும் இல்ல சித்தப்பா."

எனக்கு மனசே விட்டுப்போய்விட்டது. மூட்டை கொடுத்திருக்கிறேன், ஆபீஸுக்குத் துணைக்குப் போயிருக்கிறேன். என்னிடமே மறைக்கிறான் பாருங்கள்.