பிரண்டையிடம் கேட்ட மன்னிப்பு

எது வந்தாலும் அழகியிடம் மன்னிப்புக் கேட்பதில்லை என்ற முடிவோடுதான் முத்தரசு அன்று எழுந்தார். கல்யாணமான நாளிலிருந்து கேட்டதில்லை. இந்த வயதில் பழக்கத்தை மாற்றுவானேன்.

இரண்டு நாளைக்கு முன், நெற்குப்பையிலிருந்து விருந்துக்கு வந்த மச்சினன் முன்னால், அவள் அரைத்த பிரண்டைத் துவையலை, "மாடுகூட மோந்து பாத்துட்டுப் போயிரும்" என்று சொல்லிவிட்டார். அதிலிருந்து அழகி பேசவில்லை. அவர் எது கேட்டாலும் மிக்ஸிதான் பதில் சொன்னது.

முடிவெடுத்த கையோடு கொல்லைப் படியில் சறுக்கினார். கணுக்கால் பணியாரம்போல் உப்பிவிட்டது.

அழகி வந்து தொட்டுப் பார்த்தாள்.

"சுளுக்குத்தான். பிரண்டைச் சாத்துல புளியும் உப்பும் போட்டுக் காய்ச்சிப் பத்துப் போட்டா வத்திரும்."

"போடேன்."

"எங்க ஊர்க் காட்டுல உத்தரவு கேக்காம மருந்துச் செடியைத் தொடமாட்டாக. அதுலயும் நீங்க இதைப் பழிச்சிருக்கீக. நீங்கதான் வந்து கேக்கணும்."

செடியிடம் கேட்பதில் என்ன மானக்கேடு. அவள் தோளைப் பிடித்து நொண்டிக்கொண்டே, வீட்டை ஒட்டிய கோயில்காட்டுக்குப் போனார். அந்தத் தோள் இவ்வளவு மெலிந்திருப்பது அன்றுதான் அவருக்குத் தெரிந்தது.

"சொல்லுங்க. தாயே, உன்னைப் பழிச்சது தப்பு."

சொன்னார்.

"உன் கைப்பக்குவத்தைப் பழிச்சது அதைவிடத் தப்பு."

"பிரண்டைக்கு ஏதுடி கை?"

"உங்களுக்குக் கால் வேணுமா, வேணாமா?"

சொன்னார். "அதுவும் என் தம்பி முன்னால" என்று அவள் இழுத்ததையும் சேர்த்தே சொன்னார்.

பிறகு கொழுந்தாக நாலு கணு ஒடித்தார். விரல்கள் பற்றி எரிந்தன.

"என்ன இப்புடி அரிக்குது?"

"நல்லெண்ணெய் தடவிக்கிட்டு ஒடிக்கணும். தடவினாலும் கொஞ்சம் அரிக்கத்தான் செய்யும். துவையலுக்கு ஆயிறப்ப எனக்கு இப்புடித்தான்."

அவள் கையைப் பார்த்தார். விரலிடுக்கெல்லாம் இன்னும் சிவந்துதான் இருந்தது.

"தப்புத்தான், தாயே" என்றார், யாரும் சொல்லிக் கொடுக்காமலே.

"செடி அங்குட்டு இருக்கு" என்றாள் அழகி, முகத்தைத் திருப்பிக்கொண்டு.

வீக்கம் வற்றி, அவர் மெல்ல நடமாடத் தொடங்கிய அன்று பக்கத்து வீட்டு ரோகிணி அதே இடத்தில், வாயே திறக்காமல் பிரண்டை ஒடித்துக்கொண்டிருந்தாள்.

"என்னம்மா, உத்தரவு கேக்காம ஒடிக்கிறே?"

"மனசுக்குள்ள கேட்டுட்டேன் மாமா. வாய்விட்டுக் கேக்கிறது, துவையலைப் பழிச்சவுகளுக்கு மட்டுந்தானாம். அத்தை சொன்னாக."