ஐம்பதாவது மாடு

மாடுகள் சாகக் கூடாது என்பதில் எங்கள் ஊர்க் கால்நடை அலுவலகத்துக்கு என்றுமே மாற்றுக் கருத்து இருந்ததில்லை. அதற்குச் சில விதிமுறைகள் இருந்தன, அவ்வளவுதான்.

பக்கத்து ஊரில் கொப்புளக் காய்ச்சல். நேற்று அசைபோட்ட மாடு இன்று கால் நீட்டிக் கிடந்தது. மேலிடம் விழித்துக்கொண்டு எங்களுக்கு எம்.ஆர்.என்.ஏ. தடுப்பூசி அனுப்பியது.

"இதுல கிருமியே கிடையாது. கிருமியோட ஒரு சின்ன பாகத்தை எப்படிச் செய்யறதுன்னு உடம்புக்கு ஒரு குறிப்பு மட்டும் போகும். உடம்பு அதைச் செஞ்சு பார்த்துப் பழகிக்கும். நிஜக் கிருமி வந்தா அடையாளம் கண்டு அடிச்சுடும்" என்று விளக்கினார் டாக்டரம்மா.

கண்காணிப்பாளர் தலையாட்டிவிட்டு, கூடவே வந்த சுற்றறிக்கையைப் படித்தார். ஒரு குப்பியில் ஐம்பது மாடுகளுக்கு மருந்து. திறந்தால் ஆறு மணி நேரத்தில் தீர்க்க வேண்டும். ஒரு சொட்டு வீணானாலும், திறந்தவர் எழுத்துமூலம் விளக்கமளிக்கக் கடமைப்பட்டவர். மாடு செத்தால் யார் விளக்கமளிப்பது என்று அதில் இல்லை. ஆகவே அவர் தெளிவான முடிவுக்கு வந்தார். ஐம்பது மாடு வந்து நின்றால்தான் குப்பி திறக்கும்.

மறுநாள் காலை நாற்பத்தொன்பது மாடுகள் வந்தன.

முதலில் நின்றவள் பால்காரம்மா. அவளுக்கு இருந்தது ஒரே ஒரு செவலை, அதுவும் சினை. வீட்டில் அடுப்பு எரிவதும் பிள்ளைகள் படிப்பதும் அந்த மாட்டின் மடியை நம்பித்தான்.

"சார், நாற்பத்தொன்பது உசுரு நிக்குது. போட்டு விடுங்களேன்."

"மிச்சம் ஒரு ஊசிக்கு யாரும்மா பதில் சொல்றது?"

"கீழே கொட்டிடுங்க."

கண்காணிப்பாளர் காதைப் பொத்திக்கொள்ளாத குறை.

ஐம்பதாவது மாடு ஊரில் இல்லாமல் இல்லை. அது தூயவருடையது. பெரிய கம்பெனி வேலையை உதறிவிட்டு மாடு வளர்க்க வந்தவர். அவர் விற்ற பாலின் பெயர் 'ஊசியறியாப் பால்'. படித்தவர்கள் எல்லோரும் அதைத்தான் குடித்தோம். மற்றவர்கள், படித்தவர்கள் குடிக்கிறார்களே என்று குடித்தார்கள். ஒரு மாடு, எண்பது வீடு. கணக்குக் கேட்பது நாகரிகமில்லை என்று யாரும் கேட்கவில்லை.

அவரை அழைக்கப் போன பியூன் வெறுங்கையோடு திரும்பினார். "அவர் மாட்டுக்கு இயற்கையே ஊசி போட்டுடுச்சாம் சார். அரை லிட்டர் குடிச்சுப் பாருன்னு கொடுத்தார்."

"எப்படி இருந்தது?"

"பால் மாதிரிதான் இருந்தது."

பால்காரம்மா விடவில்லை. "என் மாட்டு வயித்துல ஒண்ணு இருக்கே சார். அதையும் சேர்த்தா ஐம்பதாச்சு."

கண்காணிப்பாளர் முதல்முறையாகப் பேனாவைக் கீழே வைத்தார். இது கொள்கை சார்ந்த கேள்வி. 'அவசரம்' என்று சிவப்பு மையில் எழுதி மேலிடத்துக்கு அனுப்பினார். மூன்று நாட்கள் மாடுகள் வந்தன, நின்றன, சாணி போட்டன, போயின. நான்காம் நாள் பதில் வந்தது. 'வயிற்றிலுள்ள கன்றை ஐம்பதாவது மாடாகக் கருதுவதில் ஆட்சேபணை இல்லை. எனினும் அது நேரில் வந்து வரிசையில் நிற்க வேண்டும்.'

"எப்பம்மா ஈனும்?"

"இருபது நாள் ஆகும் சார். காய்ச்சல் பாலத்துக்கு அந்தப் பக்கம் வந்துடுச்சாம்."

"இருபது நாள்தானே, பொறுத்துக்கலாம்" என்றார் அவர். டாக்டரம்மா அவரை முறைத்துவிட்டுக் குளிர்பெட்டிச் சாவியைக் கேட்டார். சாவிக்கும் ஒரு படிவம் இருந்தது.

அன்று மதிய உணவு இடைவேளையில் பின்வாசல் கதவு தட்டப்பட்டது. தூயவர். முகத்தில் துண்டு சுற்றியிருந்தது. மாட்டுக்கும் ஒரு போர்வை.

"பாலத்துக்கிட்ட ரெண்டு மாடு விழுந்துடுச்சாம். ஒரு ஊசி போட்டு விடுங்க டாக்டர். வெளியே மட்டும் தெரிய வேண்டாம்."

ஐம்பது நிறைந்தது. குப்பி திறந்தது. மாலைக்குள் ஊரின் எல்லா மாடுகளும் ஊசி போட்டுக்கொண்டன. பதிவேட்டில் ஐம்பதாவது இடத்தில் 'பெயர் வெளியிட விரும்பாத மாடு' என்று எழுதி, கண்காணிப்பாளர் முத்திரை குத்தினார். அது யாருடையது என்று கேட்பதும் நாகரிகமில்லை என்று யாரும் கேட்கவில்லை.

இரண்டு வாரம் கழித்துக் காய்ச்சல் பாலம் தாண்டி வந்தது, தெருத்தெருவாகச் சுற்றியது, ஒன்றும் கிடைக்காமல் போயிற்று. ஒரு மாடும் சாகவில்லை. பால்காரம்மாவின் செவலை பெண் கன்று ஈன்றது.

அடுத்த வாரமே தூயவரின் கடை வாசலில் பலகை ஏறியது: 'ஊசி போடாமலே காய்ச்சலை வென்ற மாட்டின் பால்.' எங்களுக்குப் புல்லரித்தது. ஊசி போட்ட மாடுகளும் பிழைத்தன, போடாததும் பிழைத்தது, பிறகு ஊசி எதற்கு என்று யோசித்தோம். யோசிக்கத் தெரிந்தவர்கள் ஆயிற்றே. எண்பது வீடு இருநூறானது. பால்காரம்மாவிடம் வாங்கியவர்கள் ஒவ்வொருவராக நின்றுவிட்டார்கள். டாக்டரம்மா உண்மையைச் சொல்ல வாயெடுத்தபோது, பயனாளியின் விவரம் ரகசியமானது என்று கண்காணிப்பாளர் நினைவூட்டினார். அவர் வீட்டுக்கும் தூயவர் பால்தான்.

ஆறு மாதத்தில் அடுத்த ஊசிக்கு அறிவிப்பு வந்தது. பாலத்துக்கு அந்தப் பக்கம் மறுபடியும் காய்ச்சல். பால்காரம்மா செவலையையும் கன்றையும் ஓட்டிக்கொண்டு அலுவலகத்துக்கு வந்தாள். வேறு மாடு ஒன்றுமில்லை.

"இன்னும் நாற்பத்தெட்டு பேரைக் கூட்டிட்டு வாம்மா, உடனே திறந்துடலாம்" என்றார் கண்காணிப்பாளர், அன்பாகவே.

அவள் நேராகத் தூயவர் கடைக்கு வந்தாள். மாடு வைத்திருப்பவர்களும் அந்த வரிசையில்தான் நின்றார்கள்.

"அண்ணா, மாட்டை ஓட்டிட்டு வாங்க. அக்கா, நீங்களாவது..."

நாங்கள் நல்லவர்கள். அவள் படும் பாட்டைப் பார்த்து மனசு கேட்கவில்லை. பாத்திரத்தை இடுப்பில் இடுக்கிக்கொண்டு நல்ல யோசனையாகச் சொன்னோம்.

"செவலைக்குத்தான் ஊசி போட்டுக் கெடுத்துட்டே. கன்னுக்குட்டியையாவது போடாம வளர்த்துப் பாரேன். நாளைக்கு அது பாலுக்கு நாங்களே வரிசையில நிப்போம்."

கன்று அவள் புடவைத் தலைப்பைச் சப்பிக்கொண்டிருந்தது. பால்காரம்மா அதைப் பார்த்தாள், வரிசையின் நீளத்தைப் பார்த்தாள். பிறகு அலுவலகத்துக்குப் போகிற தெருவை விட்டுவிட்டு, இரண்டையும் வீட்டுப் பக்கம் திருப்பினாள்.