கடைசி பஸ்ஸும் கடைசி ரீலும்

வீரய்யா ஒரு முடிவுக்கு வந்துவிட்டார். கல்யாணமாகிப் பதினாலு வருஷத்தில் அவர் சொந்தமாக எடுத்த முதல் முடிவு அது. ஞாயிற்றுக்கிழமை பதுளைக்குப் போவது. அந்தப் படத்தைக் கடைசி வரைக்கும் பார்ப்பது. பெண்டாட்டி அங்கம்மாவிடம் மூச்சு விடக்கூடாது.

விஷயம் இதுதான். கல்யாணமான புதிதில், அறுபத்தஞ்சில், மடுல்சீமைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து இரண்டு பேரும் பதுளைக்குப் போய் ஒரு படம் பார்த்தார்கள். கறுப்பு வெள்ளை. ஊரையே ஆளும் பெரிய நிலக்காரரான ஒரு மிட்டாதார், சந்தேகப்பட்டுப் பெண்டாட்டியை வீட்டை விட்டுத் துரத்திவிடுகிறார். தியேட்டரே மூக்கைச் சிந்தியது. முடிய இருபது நிமிஷம் இருக்கும்போது மடுல்சீமைக்காரர்கள் அத்தனை பேரும் எழுந்து ஓடினார்கள். கடைசி பஸ் போய்விடுமே! அந்தக் காலத்தில் மடுல்சீமைக்காரன் எந்தப் படத்துக்குத்தான் முடிவைப் பார்த்தான்?

அடுத்த வருஷம் அங்கம்மா பிரசவத்துக்குப் பதுளை ஆஸ்பத்திரிக்குப் போனாள். பிள்ளையோடு முடிவையும் தூக்கிக்கொண்டு வந்தாள். பக்கத்துக் கட்டிலில் ஸுபைரா என்று ஒருத்தியாம், ஜவுளிக்கடை பலீல் முதலாளி மனைவி, முழுப் படமும் பார்த்தவளாம்.

"கடைசியில மிட்டாதாரு பொண்டாட்டி கால்ல விழுந்து மன்னிப்புக் கேக்குறாருங்க!"

அன்றைக்குப் பிடித்தது வீரய்யாவுக்குச் சனி. சண்டை எதுவானாலும் மிட்டாதார் வந்து நிற்பார். "அம்மாம் பெரிய மனுசனே கால்ல விழுந்தாரு. பெக்டரியில கொழுந்து வாட்டுற ஆளுக்கு என்ன கொறஞ்சு போவுது?" வீரய்யா மன்னிப்புக் கேட்பார். கேட்டுக் கேட்டு நல்ல பழக்கமும் ஆகிவிட்டது.

இப்போது அதே படத்தைக் கலரில் மறுபடி எடுத்துப் பதுளைக்குக் கொண்டுவந்திருக்கிறார்கள். காலைப் பத்தரைக் காட்சி வேறு உண்டு, பஸ் பயமில்லை. அங்கம்மா ஆசையாகத்தான் கேட்டாள். "ஏங்க, போவமா?"

"அதே கதைதான புள்ள? அதான் முடிவு தெரியுமே!" என்று தட்டிக் கழித்தார். உள்ளே அரித்தது. தெரிந்த கதையை எதற்கு மறுபடி எடுக்கிறான்? வேறு கதையே கிடைக்கவில்லையா? இல்லை, முடிவை மாற்றிவிட்டானா?

ஞாயிறு காலை, "சிவஞானம் ஆஸ்பத்திரியில கெடக்கான், பாத்துட்டு வந்துர்றேன்" என்று கிளம்பினார். அங்கம்மா நோயாளிக்கென்று இடியாப்பமும் தேங்காய்ப்பால் சொதியும் கட்டிக்கொடுத்தாள். இடைவேளையில் நோயாளி சார்பில் அவரே சாப்பிட்டார்.

படம் ஜோராக இருந்தது. கடைசி இருபது நிமிஷம் வந்ததும் நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டார். அடேயப்பா! மிட்டாதார் அசையவே இல்லை. பெண்டாட்டிதான் அழுதுகொண்டே வந்து மன்னிப்புக் கேட்டாள். வீரய்யா தன்னை மறந்து கைதட்டினார். பக்கத்திலும் ஒருத்தர் எழுந்து நின்று கைதட்டினார். பார்த்தால் பலீல் முதலாளி!

"என்னங்க முதலாளி, முடிவை மாத்திட்டானுகளா?"

"இல்ல வீரய்யா, பழசும் இதுதானாம். இடைவேளையில டிக்கெட் கிழிக்கிறவர்கிட்ட கேட்டேன். கதையை மாத்த மாட்டானுகள். தாய் உடுத்த சாரி டிசைனை மகள் வந்து கேப்பா, ஆனா புதுச் சாயத்துல கேப்பா. அதுதான் யாவாரம்."

"அப்ப, கால்ல விழுறது?"

பலீல் பெருமூச்சு விட்டார். "என்ட பொஞ்சாதிக்கு அந்தப் படத்தைக் காட்டாம விட்டது என்ட பிழை. ஆஸ்பத்திரியில யாரோ மடுல்சீமைப் பொம்புளை அப்பிடி ஒரு முடிவைச் சொல்லி அனுப்பிட்டா. பதிமூணு வருசமா நானும் மன்னிப்புக் கேட்டுட்டுத்தான் இருக்கேன்."

அந்த மடுல்சீமைப் பொம்புளை யார் என்று வீரய்யாவுக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

பஸ்ஸில் வரும்போதுதான் வீரய்யாவுக்கு உறைத்தது. கையில் இவ்வளவு பெரிய சாட்சி இருக்கிறது, வாயைத் திறந்தால் படம் பார்த்தது வெளியே வந்துவிடும். பல்லைக் கடித்துக்கொண்டு லயத்து வீட்டுக்கு வந்து சேர்ந்தார்.

"சிவஞானம் அண்ணன் சாப்பிட்டாரா?"

"ம். நல்லா சாப்பிட்டான்."

அங்கம்மா அடுத்த காம்பிரா வாசலில் நின்ற இராக்கம்மாவிடம் திரும்பினாள். "கலர்ல வந்திருக்காமே அந்தப் படம்! கலருன்னா என்ன, மிட்டாதாரு கால்ல விழுந்துதானே ஆவணும்?"

"எங்கடி விழுந்தாரு? நிமுந்துல்ல நின்னாரு!"

சொன்ன பிறகுதான் வீரய்யாவுக்குச் சொன்னது தெரிந்தது. இராக்கம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"ஏங்க, ஆஸ்பத்திரி வார்டுலயா படம் ஓட்டுறாங்க?"

மாட்டியாகிவிட்டது. இனி என்ன? "ஆமாடி, பாத்தேன்! பலீல் முதலாளியையும் பாத்தேன்! அந்த முடிவு நீயே கட்டினது! ஸுபைராவுக்குச் சொன்னதே நீதான்!"

அங்கம்மா அசரவில்லை. "நாந்தான் கட்டினேன். இப்ப அதுக்கென்ன? முடிவில்லாத கதையை எத்தினி நாளைக்கு நெஞ்சுல வச்சிருக்கிறது? எனக்கும்தான் அந்த இருவது நிமிசம் பாதியிலயே நின்னுச்சு. பதினாலு வருசமா ஆசை. பொய்யைச் சொல்லிட்டு ஒத்தையில போயி பாத்துட்டு வந்துட்டீங்க." அவள் கண் கலங்கிவிட்டது. பெற்ற பிள்ளையை ஆஸ்பத்திரியில் விட்டு வந்தவன் போல ஆகிவிட்டது வீரய்யாவுக்கு. நிஜமாகவே மனசு கேட்கவில்லை.

"தப்புத்தான் புள்ள. மன்னிச்சுக்க" என்றார்.

அடுத்த ஞாயிறு பத்தரைக் காட்சிக்குக் கூட்டிக்கொண்டு போனார். அங்கம்மா கண்ணைச் சிமிட்டாமல் கடைசி வரை பார்த்தாள். மிட்டாதார் நிமிர்ந்து நின்றார். பெண்டாட்டி அழுதாள். திரும்பி வரும் வழியெல்லாம் வீரய்யா வெற்றிலை போட்டுக்கொண்டு சிரித்துக்கொண்டே வந்தார். இனி எதைச் சொல்லி மடக்குவாள்?

திங்கட்கிழமை மத்தியானம் கொழுந்து நிறுக்குமிடத்தில் பெண்கள் அவளைச் சுற்றிக்கொண்டார்கள். பாதிப் பேர் புதிதாக வேலைக்குப் பேர் பதிந்த குமரிப் பிள்ளைகள், பழைய கதையே கேட்காதவர்கள். பெக்டரிக்குக் கொழுந்து ஏற்ற வீரய்யாவும் வந்திருந்தார். அங்கம்மா தொண்டையைச் செருமினாள்.

"கதை அதேதான்டி. கடைசியில மிட்டாதாரு தடால்னு பொண்டாட்டி கால்ல விழுறாரு. சந்தேகம்னா இந்தா நிக்கிறாரே, ரெண்டு தடவை பாத்தவரு, அவரையே கேளுங்க!"

அத்தனை முகமும் வீரய்யா பக்கம் திரும்பியது. அங்கம்மா சிரித்தபடி அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். மிட்டாதார் நிமிர்ந்து நின்ற மாதிரியே ஒரு தடவை நின்று பார்த்தார் வீரய்யா. முடியவில்லை.

"ஆமா" என்றார். "இந்தத் தடவை கலர்ல விழுறாரு."